பீரோவில் பூட்டாதீர்கள்: மலையில் இருந்துகொண்டு டிஎஸ்எல்ஆர் பழகுவது எப்படி

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்து நான்கு வீட்டில் டிஎஸ்எல்ஆர், அதாவது லென்ஸைக் கழற்றி மாற்றுகிற பெரிய கேமரா இருக்கிறது. ஒன்று திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் வாங்கிக் கொடுத்தது, ஒன்று துபாயிலிருந்து வந்தது, மற்ற இரண்டும் கோயம்புத்தூரில் செகண்ட் ஹேண்டில் பிடித்தவை. நான்கில் மூன்று இப்போது பீரோவுக்குள் பட்டுச் சேலைக்கு நடுவில் கிடக்கின்றன. கேட்டால், "போன்லயே நல்லா வருதுண்ணே, இதுல எடுத்தா எல்லாம் கலங்கலா வருது" என்கிறார்கள். கலங்குவது உண்மைதான், ஆனால் அது கேமராவின் குற்றம் இல்லை. நம் மலையில் வருடத்தில் பாதி நாள் வெளிச்சம் மங்கல், வீட்டு ஜன்னல் சின்னது, பிள்ளைகள் ஒரு இடத்தில் நிற்பதில்லை. இந்த மூன்றுக்கும் ஏற்ற மாதிரி கேமராவைத் திருப்பி வைத்துக்கொள்ள ஒரு மாலை நேரம் போதும்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்றும் சொல்லிவிடுகிறேன். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து இந்த மலைக்கு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. என் அம்மாயிக்கு இளவயதுப் படம் என்று இருப்பது பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த தீப்பெட்டி அளவுப் படம் மட்டும்தான். அவர் கடைசியாக இருந்த சில வருடங்களில் நான் எடுத்த படங்கள் இருக்கின்றன, வாசப்படியில் உட்கார்ந்து அவரைக்காய் உரிக்கிறபோது எடுத்தது, சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறபோது எடுத்தது. கேமரா மட்டும் பீரோவில் இருந்திருந்தால் அவையும் இருந்திருக்காது.

சரி, வாங்குவதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

கேனான், நிக்கான் இரண்டு கம்பெனிகளும் மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத புது வகை கேமரா) பக்கம் போய்விட்டதால் நல்ல நிலையில் இருக்கும் டிஎஸ்எல்ஆரைப் பலர் விற்றுக்கொண்டிருக்கிறார்கள், வீட்டுப் படம் எடுக்க நினைப்பவருக்கு இது நல்ல நேரம். கேனான் 1500டி, நிக்கான் டி3500, டி5600 மாதிரி ஒன்று தாராளமாகப் போதும், மூன்றுமே 24 மெகாபிக்சல்தான், சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பிரிண்ட் போட அது நிறையவே. அதற்கு மேல் செலவழிக்க மனசு வந்தால் அந்தப் பணத்தை லென்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது, அதுவும் மலையிலேயே இருந்த கேமரா என்றால், லென்ஸைக் கழற்றி பின்பக்கமிருந்து போன் டார்ச் அடித்து, கொஞ்சம் சாய்த்து வைத்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரியோ வேர் பிரிந்த மாதிரியோ வெள்ளை நூல் தெரிந்தால் அது ஃபங்கஸ், அதாவது கண்ணாடிக்கு மேலேயே வளர்ந்த பூஞ்சை. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். ஒன்றிரண்டு தூசி மட்டும் தெரிந்தால் கவலையில்லை, படத்தில் வராது.

நிக்கானில் இன்னொரு விஷயம் உண்டு. டி3500, டி5600 மாதிரி கேமரா உடல்களில் ஃபோகஸைத் தானாகத் திருப்பும் மோட்டார் கிடையாது, அதனால் லென்ஸில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று போட்டிருக்க வேண்டும். பழைய ஏஎஃப்-டி லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் திருப்ப வேண்டியிருக்கும்.

முதல் நாள் மாலை செய்ய வேண்டியது

பேட்டரியை முழுசாகச் சார்ஜ் போடுங்கள். மெமரி கார்டைக் கேமராவுக்குள் போட்டு, கேமரா மெனுவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள், பழைய படம் இருந்தால் முதலில் வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு. தேதியும் நேரமும் சரியாக வையுங்கள், இதை யாரும் செய்வதில்லை, பத்து வருடம் கழித்து மகளுக்கு எந்த வயதில் முன்பல் விழுந்தது என்று தேடும்போதுதான் அதன் அருமை தெரியும். படத்தின் தரத்தில் பெரிய ஜேபெக் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரா ஃபைல் (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவு) நல்லதுதான், ஆனால் அதைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து திருத்த வேண்டும், முதல் மூன்று மாதத்துக்கு அது வேண்டாம்.

அப்புறம் வ்யூஃபைண்டர். கண் வைத்துப் பார்க்கிற அந்தச் சின்னக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். உள்ளே கீழே தெரிகிற எண்களை மட்டும் பார்த்துக்கொண்டு, அவை தெளிவாகும் வரை அதைத் திருப்புங்கள். கண்ணாடி போடுபவர்கள் பலர் இதைத் தொடாமலேயே கேமரா சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். லென்ஸின் பக்கவாட்டில் ஏஎஃப் (ஆட்டோ ஃபோகஸ்) சுவிட்ச் இருந்தால் அது ஏஎஃப் பக்கம் இருக்க வேண்டும், ஆட்டத்தைக் குறைக்கும் சுவிட்ச் இருந்தால் (கேனானில் ஐஎஸ், நிக்கானில் விஆர்) அதை ஆன் செய்துவிடுங்கள். பிடிக்கும்போது இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில் தாங்க வேண்டும், இரண்டு முழங்கையும் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். வாரைக் கழுத்தில் மாட்டாமல் கேமராவைக் கையில் எடுக்காதீர்கள், நம் ஊரில் கீழே விழுந்தால் தரையில் நிற்காது, படி படியாக உருண்டு தேயிலைக்குள் போய்விடும்.

கலங்கல் எங்கிருந்து வருகிறது

பச்சைக் கட்டம் போட்ட ஆட்டோ மோடில் வைத்து மாலை ஐந்து மணிக்கு அடுப்படியில் பிள்ளையை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். வெளிச்சம் போதாததால் கேமரா ஷட்டரை (வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு அது) 1/30 நொடி, சில சமயம் அதற்கும் அதிகமாகத் திறந்து வைக்கும், இல்லையென்றால் ஃபிளாஷைத் தூக்கிவிடும். அந்த 1/30 நொடிக்குள் பிள்ளை தலையைத் திருப்பியிருக்கும். படத்தில் சுவர் தெளிவாக இருக்கும், முகம் மட்டும் கலங்கியிருக்கும். சுவர் தெளிவாக இருந்தால் ஃபோகஸும் கையும் பெரும்பாலும் சரி, ஷட்டர்தான் மெதுவாகிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

பல வழிகாட்டிகள் முதலில் அபெர்ச்சர் மோடை (லென்ஸ் துவாரத்தின் அளவை நாமே வைக்கும் முறை) பழகச் சொல்லும். சமவெளியில் நல்ல வெயிலில் இருப்பவர்களுக்கு அது சரி. மலை வீட்டுக்கு நான் ஷட்டர் மோடைத்தான் முதலில் சொல்வேன். டயலில் நிக்கானில் எஸ் என்றும், கேனானில் டிவி என்றும் இருக்கும் (டைம் வேல்யூ என்பதன் சுருக்கம் அது). அதில் வேகத்தை நீங்கள் சொல்கிறீர்கள், மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்கிறது. உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு 1/125, பேசிச் சிரித்துக்கொண்டிருப்பவர்களுக்கு 1/200 அல்லது 1/250, ஓடுகிற பிள்ளைக்கு 1/500. இந்த மூன்று எண்ணை மனப்பாடம் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கூடவே ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கிக் காட்ட வேண்டும் என்கிற அளவு) ஆட்டோவில் வையுங்கள், மெனுவில் அதன் உச்ச வரம்பை 3200 என்று வையுங்கள், அந்தி நேரத்து அடுப்படி என்றால் 6400. ஐஎஸ்ஓ ஏற ஏறப் படத்தில் ரவை தூவிய மாதிரி புள்ளி வரும். வரட்டும். புள்ளி இருக்கிற படத்தில் பாட்டியின் சிரிப்பு தெரியும், கலங்கிய படத்தில் ஒன்றும் தெரியாது, கலங்கலை அப்புறம் எந்த சாஃப்ட்வேராலும் முழுசாகச் சரிசெய்ய முடியாது. கேனானில் அபெர்ச்சர் எண் மினுங்கினால் இத்தனைக்குப் பிறகும் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். அப்போது ஆளை வெளிச்சத்துக்குக் கூப்பிடுங்கள்.

அபெர்ச்சர் என்பது லென்ஸுக்குள் இருக்கும் துவாரத்தின் அளவு. எண் சின்னதாக இருந்தால் துவாரம் பெரிது, வெளிச்சம் நிறைய வரும், பின்னணி மங்கும். இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

கண்ணில் ஃபோகஸ்

கேமரா தானாக ஃபோகஸ் இடத்தைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் எது பக்கத்தில் இருக்கிறதோ அதைப் பிடிக்கும். மகளைத் தேயிலைச் செடிக்குப் பின்னால் நிற்க வைத்து எடுத்தால் கொழுந்து பளிச்சென்று இருக்கும், மகள் மங்கலாக நிற்பாள். அதனால் ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாற்றுங்கள், நடுப் புள்ளியை வைத்துக்கொள்ளுங்கள், ஆரம்ப விலைக் கேமராக்களில் அதுதான் நம்பகமானது. அந்தப் புள்ளியை நமக்குப் பக்கத்தில் இருக்கும் கண்மேல் வைத்து, பட்டனைப் பாதி அழுத்தி, சத்தம் வந்ததும் அழுத்தின விரலை எடுக்காமல் கேமராவை லேசாகத் திருப்பி முகத்தை வேண்டிய இடத்தில் கொண்டுவந்து முழுசாக அழுத்துங்கள். ஓடும் பிள்ளைக்கு மட்டும் ஃபோகஸ் முறையைக் கேனானில் ஏஐ சர்வோ, நிக்கானில் ஏஎஃப்-சி என்று மாற்றிக்கொண்டு, பாதி அழுத்தியபடியே பிள்ளையைப் பின்தொடர வேண்டும்.

குழந்தையை எடுக்கும்போது உட்காருங்கள், தேவைப்பட்டால் பாயில் படுங்கள். நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் உச்சந்தலையும் தரையும்தான் வரும்.

வாசப்படிதான் ஸ்டுடியோ

இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். லைன் வீடாக இருந்தாலும் சரி, ஊருக்குள் ஓட்டு வீடாக இருந்தாலும் சரி, வீட்டிலேயே நல்ல வெளிச்சம் வாசல்தான். கதவை முழுசாகத் திறந்து, ஆளை வாசப்படிக்கு இரண்டடி உள்ளே, முகம் வெளியே பார்க்கும்படி முக்காலியில் உட்கார வையுங்கள். நீங்கள் வெளியே, வாசலுக்கு ஒரு ஓரமாக நில்லுங்கள், வெளிச்சத்தை மறிக்காமல். மூட்டமான நாளில் வானம் முழுவதும் ஒரே வெள்ளைத் துணி கட்டின மாதிரி இருக்கும், அந்த வெளிச்சம் முகத்தில் மெதுவாகப் படியும், சுருக்கம்கூட அழகாக விழும், பின்னால் அறை இருண்டு போகும். பல்பை அணைத்துவிடுங்கள். மஞ்சள் பல்பும் வெளி வெளிச்சமும் கலந்தால் முகத்தில் பாதி மஞ்சளும் பாதி நீலமுமாக விழும், எந்த ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பக் கேமராவைச் சரிசெய்யும் அமைப்பு) வைத்தாலும் சரியாக வராது. பல்பை அணைத்த பிறகு ஒயிட் பேலன்ஸை நிழல் (ஷேடு) குறிக்கு வைத்தால் தோல் நிறம் கொஞ்சம் சூடாக வரும், ஆட்டோவில் விட்டால் நம் ஊர் நிழலில் நீலம் தட்டும்.

அந்த இடத்தில் வேலை கொடுத்து உட்கார வையுங்கள். "இங்க பாருங்க, சிரிங்க" என்றால் பெரியவர்கள் ரேஷன் கார்டுக்கு நிற்கிற மாதிரி விறைத்துவிடுவார்கள். கையில் ஒரு கூடை அவரைக்காயோ பூண்டோ கொடுத்துவிட்டு, அவர்கள் வேலையில் இறங்கிப் பழைய கதை பேச ஆரம்பிக்கும் வரை காத்திருங்கள். பத்து நிமிடம் ஆகும். நான் எடுத்ததில் நல்ல படம் எல்லாம் அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு வந்தவைதான்.

தெளிந்த ஜனவரி நாளில் நடுப்பகல் வெயில் இதற்கு நேர் எதிர். கண்ணுக்குக் கீழே கறுப்புக் குழி விழும். சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்தினால் முகமெல்லாம் வெயில் திட்டுத் திட்டாக விழும், அது இன்னும் மோசம். வீட்டின் நிழல் பக்கச் சுவரே நல்லது, சுவரோடு ஒட்டாமல் ஐந்தாறு அடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

மூட்டத்தில் எடுக்கும்போது

பனிமூட்டத்தைக் கண்டால் வெளியூர்க்காரர்கள் கேமராவை எடுப்பார்கள், நாம் உள்ளே வைப்போம். வைக்காதீர்கள். ஆனால் மூன்று இடத்தில் கேமரா தடுமாறும்.

வெள்ளையாக எதைப் பார்த்தாலும் கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும், அதனால் மூட்டம் அழுக்குத் தண்ணீர் மாதிரி வரும். பிளஸ் மைனஸ் போட்ட பட்டனை அழுத்தி பிளஸ் 0.7 அல்லது பிளஸ் 1 வையுங்கள், வெள்ளை வெள்ளையாகும். படுகர் நண்பர்கள் வீட்டுக்கு ஹெத்தை ஹப்பாவுக்கு (ஹெத்தையம்மன் திருவிழா) போனாலும் இதே கதைதான், பெண்கள் எல்லோரும் வெள்ளை முண்டு, வெள்ளைத் தலைத்துணி, மேகமூட்டம் இருந்தால் பிளஸ் வேண்டும். வெயில் அடித்தால் திரும்ப பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் துணியின் மடிப்பே காணாமல் போகும். கோயில் பக்கம் எடுக்கலாமா என்று அவர்களிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூட்டத்தில் ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடும், பிடிக்காது. கறுப்பும் வெள்ளையும் சேர்கிற விளிம்பைக் கொடுங்கள்: மூக்குக் கண்ணாடி ஃபிரேம், தலை வகிடு, ஸ்வெட்டர் காலர். ஆளுக்குப் பக்கத்தில் போங்கள், பத்தடிக்குள். நடுவில் மூட்டம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நிறத்தை அது தின்றுவிடும். அன்றைக்குப் பிள்ளைக்குச் சிவப்போ மஞ்சளோ ஸ்வெட்டர் போட்டுவிட்டால் படத்துக்கு உயிர் வந்துவிடும்.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். லென்ஸுக்கு முன்னால் மிதக்கிற நீர்த்துளிதான் அந்த வெளிச்சத்தில் வெள்ளை வட்டம் வட்டமாகத் தெரியும்.

மலை ரயிலில் பிள்ளையை ஜன்னலோரம் வைத்து எடுக்கும்போதும் அதே பிளஸ் 1 உதவும். பெட்டிக்குள் இருட்டு, வெளியே பளீர் என்று இருப்பதால் மீட்டர் வெளியை நம்பி முகத்தைக் கறுப்பாக்கிவிடும். வெளியே வெளுத்துப் போனால் போகட்டும், முகம் வேண்டும்.

எல்லோரும் சேர்ந்து நிற்கும் படம்

பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ பதினைந்து பேர் நின்றால் இங்கேதான் அபெர்ச்சர் மோட் (நிக்கானில் ஏ, கேனானில் ஏவி) தேவைப்படும். எண்ணை 5.6 அல்லது 8 என்று வையுங்கள், அப்போதுதான் பின்வரிசையும் தெளிவாக இருக்கும், ஷட்டர் 1/125க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், இறங்கினால் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். கிட் லென்ஸை (கேமராவோடு சேர்ந்து வரும் லென்ஸ்) 18 மி.மீ.யில் வைத்து நெருங்கி நின்று எடுக்காதீர்கள், ஓரத்தில் நிற்கிற அத்தையின் முகம் இழுபட்டுப் போகும், அவர் அந்தப் படத்தைப் பார்க்கவே மாட்டார். பின்னால் போய் 35இல் எடுங்கள். கண் மூடாத படம் வேண்டுமென்றால் ஏழெட்டுத் தடவை அழுத்துங்கள்.

பின்னால் போவதற்கு முன் திரும்பிப் பாருங்கள். கண்ணைக் கேமராவில் வைத்துக்கொண்டே பின்வாங்கினால் இந்த ஊரில் படியோ சரிவோ சாக்கடையோ இருக்கும், எஸ்டேட் ஓரம் என்றால் காட்டெருமைகூட நிற்கும்.

ஈரம்தான் எதிரி

கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழை பிடித்தால் தீப்பெட்டி உரசினால் பற்றாது, உப்பு கரைந்து நிற்கும். அதே ஈரம்தான் லென்ஸுக்குள் போய்ப் பூஞ்சை வளர்க்கிறது. இருட்டு, காற்றில்லாத இடம், ஈரத் துணி வாசம், மூன்றும் சேர்ந்த பீரோவைவிட அதற்கு வசதியான இடம் கிடையாது. என்னுடைய முதல் லென்ஸ் ஒரு மழைக்காலம் முழுக்க லெதர் உறையோடு பீரோவில் இருந்து வீணாகிவிட்டது. தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதற்குள் சிலிக்கா ஜெல் கொஞ்சம் தாராளமாக, கூடவே ஈரப்பதம் காட்டுகிற குட்டி மீட்டர். மீட்டரில் 40க்கும் 50க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி, 60ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்ற வேண்டும். ஆரஞ்சு ஜெல் ஈரம் குடித்தால் பச்சையாகும், நீல ஜெல் இளஞ்சிவப்பாகும். சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய சட்டியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் பழைய நிறத்துக்கு வரும், ஆறின பிறகு திரும்பப் போடலாம். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் நீலத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது. அரிசிக்குள் வைக்கச் சொல்வார்கள், வேண்டாம், மாவுத் தூள் உள்ளே போகும். வாரத்துக்கு இரண்டு நாளாவது கேமராவை வெளியே எடுத்துப் பத்துப் படமாவது எடுங்கள். காற்றும் வெளிச்சமும் படுகிற லென்ஸில் பூஞ்சை சுலபமாகப் பிடிக்காது.

வெளியே குளிரில் சுற்றிவிட்டு அடுப்பு எரிகிற வீட்டுக்குள் நேராக வந்தால் லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும். வாசலுக்கு வெளியிலேயே கேமராவை ஜிப் கவருக்குள் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடிவிட்டு, உள்ளே வந்து அரைமணி நேரம் அப்படியே விடுங்கள். ஈரம் கவர்மேல்தான் படியும். வியர்த்த லென்ஸைக் கழற்றவே கூடாது. கண்ணாடியை மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள், முந்தானையால் வேண்டாம். உள்ளே தூசி இருந்தால் ரப்பர் புளோவர், வாயால் ஊதினால் எச்சில்தான் போகும். உறைபனி விழும் மார்கழிக் காலையில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், இன்னொன்றை ஸ்வெட்டருக்குள் சட்டைப்பையில் வைத்திருந்தால் சூட்டோடு இருக்கும்.

மூன்று மாதம் கிட் லென்ஸோடு பழகின பிறகு 1.8 அபெர்ச்சர் லென்ஸ் ஒன்று வாங்கலாம். எல்லோரும் 50 மி.மீ. சொல்வார்கள், முகத்துக்கு அது நல்லதுதான், ஆனால் பத்துக்குப் பத்து அறையில் நின்று எடுத்தால் சுவரில் முதுகு இடிக்கும். வீட்டுக்குள்தான் அதிகம் எடுப்பீர்கள் என்றால் 35 மி.மீ. வசதி. 1.8இலேயே வைத்து முகத்துக்கு நெருங்கி எடுத்தால் ஒரு கண் தெளிந்து மறு கண் மங்கும், 2.8 வைத்துப் பாருங்கள்.

படங்களை மாதம் ஒருமுறை கம்ப்யூட்டருக்கும் தனி ஹார்டு டிஸ்க்குக்கும் இரண்டு பிரதியாக மாற்றுங்கள், அப்புறம்தான் கார்டை ஃபார்மேட் செய்ய வேண்டும்.

பிறகு பிரிண்ட் போடுங்கள். டிஎஸ்எல்ஆர் படம் மூன்றுக்கு இரண்டு விகிதம், அதனால் 4க்கு 6 பிரிண்டில் எதுவும் வெட்டுப்படாது, 8க்கு 10 கேட்டால் ஓரத்தில் நிற்பவரின் கை போய்விடும், அதற்குப் பதில் 8க்கு 12 கேளுங்கள். ஃபிரேம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள், நம் ஊர் ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் உரியத்தான் செய்யும். மழை இறங்குகிற சுவரில் மாட்டாதீர்கள். அம்மாயியின் அந்தப் பாஸ்போர்ட் படம் எந்த ஊர் ஸ்டுடியோவில் எடுத்தது என்று சொல்ல இன்று யாரும் இல்லை, அதனால் எங்கள் வீட்டு ஃபிரேம் ஒவ்வொன்றின் பின் அட்டையிலும் யார் யார், எந்த வருடம், யார் வீட்டு வாசல் என்று எழுதிவிட்டுத்தான் ஆணி அடிக்கிறேன்.